ஒரு கினி மாத்திரை: பெட்டிக்குள் என்ன இருந்தது?

[திரையில்: கைக்குள் அடங்கும் சிறு மாத்திரைப் பெட்டி. பக்கத்தில் பழைய ஆங்கிலச் செய்தித்தாளின் விளம்பரப் பக்கம்.]

குரல்: இங்கிலாந்தில், அந்நாளைய லங்காஷயரில் செயின்ட் ஹெலன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே தாமஸ் பீச்சம் என்பவர் விற்ற மாத்திரை இது. "பெட்டி ஒன்று ஒரு கினி பெறும்" என்ற வாசகம் 1859இலேயே விளம்பரத்தில் வந்துவிட்டது. கினி என்றால் 21 ஷில்லிங். கடையில் விலை 1 ஷில்லிங் ஒன்றரைப் பென்ஸ்தான். பெட்டிக்குள் 56 மாத்திரைகள்.

உள்ளே என்ன சரக்கு என்பதை பீச்சம் குடும்பம் சொல்லவில்லை. விக்டோரியா ராணி இறந்து எட்டு வருடம் கழித்து, 1909இல், பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இதுபோன்ற மருந்துகளை வாங்கிப் பகுப்பாய்வு செய்து புத்தகமாகவே போட்டது. பீச்சம் மாத்திரை ஒன்றில் அவர்கள் கண்டது:

[திரையில்: மூசாம்பரம் 0.5 கிரெய்ன் – சுக்குத் தூள் 0.55 கிரெய்ன் – சோப்புத் தூள் 0.18 கிரெய்ன்]

ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். ஆக மொத்த மாத்திரையே 80 மில்லிகிராம்தான். மூசாம்பரம் என்பது கற்றாழையின் கசப்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது. நம் நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே சரக்கு. நல்ல பேதி மருந்து. ஆனால் வயிற்றை முறுக்கும். அந்த முறுக்கலைத் தணிக்கத்தான் சுக்கு. சோப்பு எதற்கு? மாத்திரை உதிராமல் பிடித்து நிற்க.

[திரையில்: கல்வம், பலகை, வரிப்பள்ளங்கள் கொண்ட பித்தளை வெட்டி.]

அந்தக் கால மருந்துக் கடைக்காரர் கையால் மாத்திரை செய்த விதம் இது. தூள்களைக் கல்வத்தில் போட்டுச் சில சொட்டு நீர் விட்டு இடித்துப் பிசைவார். பிசைந்ததைப் பலகையில் வைத்து ஒரே கனமான நீளத் திரியாக உருட்டுவார். பித்தளைப் பள்ளங்களின் மேல் திரியைக் கிடத்தி, மேல்தட்டை அழுத்தி முன்னும் பின்னும் தள்ளினால் துண்டுகள் விழும். அவற்றை வட்ட மூடிக்கு அடியில் சுழற்றி உருண்டையாக்கி, ஒட்டாமலிருக்க மாவு தூவுவார். நீர் கூடினால் மாத்திரை பெட்டிக்குள் சப்பையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் திரி உருட்டும்போதே வெடிக்கும். நாள்பட்டுக் காய்ந்து கல்லாகிவிட்டால் விழுங்கியது விழுங்கியபடியே வெளியே வந்துவிடும். பிசினும் கசப்புச் சாறும் சேர்ந்த சரக்குக்குச் சோப்பு நல்ல பிடிப்பு என்பது எல்லாக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம்; இதில் ரகசியம் ஏதும் இல்லை.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். பித்தம், வாயு, வயிற்றுவலி, தலைவலி, தலைசுற்றல், சாப்பிட்டதும் வயிறு திம்மென்று இருப்பது, உடல் சிலிர்ப்பு, பசியின்மை, மூச்சிரைப்பு, தோலில் தடிப்பு, கெட்ட கனவு, நடுக்கம். எல்லாவற்றுக்கும் "முதல் வேளையே 20 நிமிடத்தில் குணம் தரும்" என்று அச்சிட்டிருந்தார்கள். இது பச்சைப் பொய். மூசாம்பரத்தில் உள்ள பொருள் பெருங்குடலுக்குப் போய், அங்கே உள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றிய பிறகுதான் வேலை செய்யும். எட்டு மணி நேரமாவது பிடிக்கும். இரவில் போட்டால் காலையில்தான் தெரியும்.

பிறகு ஏன் ஜனங்கள் திரும்பத் திரும்ப வாங்கினார்கள்? ரொட்டியும் தேநீரும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்ட ஆலைத் தொழிலாளிக்கு மலச்சிக்கல் தீராத தொல்லை. அது விலகினால் தலைபாரமும் மந்தமும் குறையும். அந்தப் பட்டியலில் உள்ள பாதி உபாதைகள் இரண்டு நாளில் தானாகவே போகிறவை, நல்ல பெயர் மாத்திரைக்கு. பட்டியலை எழுதியவர் கைதேர்ந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்: எந்த மனிதனும் அதில் குறைந்தது மூன்று தன்னிடம் இருப்பதாக நினைப்பான்.

ஆபத்தும் அதே பட்டியலில்தான் இருந்தது. வயிற்றுவலி குடல்வால் அழற்சியாக இருந்தால் பேதி மருந்து குடல்வாலை வெடிக்க வைக்கலாம். பெண்களுக்கு "எந்தத் தடையையும் நீக்கும்" என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். மாதவிலக்கு தள்ளிப்போனவள் அதை எப்படிப் படிப்பாள் என்பது எழுதியவருக்குத் தெரியாததல்ல.

இத்தனைக்கும் பீச்சம் மாத்திரை சாதுதான். குளோரோடைன் என்ற மருந்தில் அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினும், மயக்க மருந்தான குளோரோஃபார்மும் இருந்தன. விஷப் பொருள்களுக்கு லேபிள் கேட்ட 1868 சட்டம் 'பேட்டன்ட் மருந்து' எனப்பட்ட இதுபோன்ற கம்பெனி மருந்துகளை விட்டுவிட்டது. காப்புரிமையே வாங்காத மருந்துக்கு அந்த விலக்கு கிடையாது என்று குளோரோடைன் வழக்கில் முடிவாக 1892 ஆனது.

[திரையில்: பெட்டியின் மேல் ஒட்டிய அரசு முத்திரைத்தாள், நெருக்கத்தில்.]

விலையில் அந்த ஒன்றரைப் பென்ஸைக் கவனித்தீர்களா? அது கம்பெனிக்குப் போகவில்லை. 1812 சட்டப்படி ஒரு ஷில்லிங் வரையுள்ள மருந்துக்கு அரசு வரி ஒன்றரைப் பென்ஸ். 2 ஷில்லிங் 6 பென்ஸ் மருந்துக்கு 3 பென்ஸ். வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் முத்திரைத்தாள் ஒட்ட வேண்டும், பிரித்தால் கிழியும்படி. தகுதி பெற்ற மருந்துக் கடைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த மருந்தை ரகசியம் இல்லாமல் விற்றால் வரி இல்லை. அதே மூசாம்பரம், சுக்கு, சோப்புதான். "என் ரகசியம்" என்று சொன்னால் வரி.

கம்பெனிகள் இதற்காக அழவில்லை, இதையே ஆயுதமாக்கினார்கள். தனி அச்சுத்தகட்டுக்குக் காசு கட்டி, அரசு முத்திரையிலேயே தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். "இது இல்லாதது போலி" என்று விளம்பரமும் செய்தார்கள். முத்திரையைப் போலியாக அடிப்பது கடும் குற்றம், ஆகவே போட்டிக்காரன் கிட்டே வரமாட்டான். வாங்குகிறவரோ, ராணியின் அரசே இந்த மருந்துக்குச் சான்று கொடுத்ததாக நம்பினார். அரசு உத்தரவாதம் இல்லை என்று முத்திரையிலேயே அச்சிட வேண்டிய நிலை பிற்பாடு வந்தது.

கணக்கைப் பாருங்கள். 56 மாத்திரைக்கான சரக்கின் விலை அரை ஃபார்த்திங் என்று மருத்துவச் சங்கம் மதிப்பிட்டது. நான்கு ஃபார்த்திங் ஒரு பென்னி; 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். பெட்டியின் விலை 54 ஃபார்த்திங். சரக்குக்கு 108 மடங்கு. மிச்சத்தில் கணிசமான பங்கு விளம்பரத்துக்கு. 1853இல் விளம்பர வரியும், 1855இல் செய்தித்தாள் முத்திரை வரியும், 1861இல் காகித வரியும் நீங்கியதும் பத்திரிகைகள் மலிந்தன. அவற்றின் பக்கங்களை மருந்துக்காரர்கள் பிடித்தார்கள். ஹாலோவே மாத்திரைக்காரர் தாமஸ் ஹாலோவே 1842இலேயே விளம்பரத்துக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு கொட்டினார். 1883இல் அவர் இறக்கும்போது அது 50,000. பணம் வாங்கும் பத்திரிகை அந்த மாத்திரையைத் திட்டி எழுதுமா? மருத்துவச் சங்கத்தின் புத்தகத்துக்கு விளம்பரம் போடவே பல பத்திரிகைகள் மறுத்தன.

1912இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த மருந்துகளைப் பற்றி விசாரணை தொடங்கியது. தாமஸின் மகன் ஜோசப் பீச்சம் சாட்சி சொல்ல வந்தார். நாளொன்றுக்குப் பத்து லட்சம் மாத்திரை விற்கிறது என்றார். குழுவின் கடுமையான அறிக்கை 1914 ஆகஸ்ட் 4 அன்று வந்தது. பிரிட்டன் போரில் இறங்கிய அதே நாள். அறிக்கை அலமாரிக்குப் போனது. மருந்தின் கலவையை லேபிளில் போட வேண்டும் என்று சட்டம் சொன்னது 1941இல்தான். முத்திரை வரியும் அதோடு ஒழிந்தது. பீச்சம் மாத்திரை அதற்குப் பிறகும் கடைகளில் இருந்தது, 1998 வரை.