தோட்டா பொருந்தாத துப்பாக்கி: 1936-ல ஸ்பெயினுக்குப் போன அனார்க்கிஸ்ட்டுகள்

வணக்கம் மக்களே. ஸ்பெயின் உள்நாட்டுப் போர்னு சொன்னாலே எல்லாரும் ‘இன்டர்நேஷனல் பிரிகேட்’ங்கிற வெளிநாட்டுத் தொண்டர் படைக்குப் போயிடுறாங்க. இன்னிக்கு பேசப்போறது அவங்களப் பத்தி இல்ல. அது மாஸ்கோ தலைமையில இருந்த உலகக் கம்யூனிஸ்ட் அமைப்பு கொமின்டெர்ன் ஏற்பாடு பண்ணி, 1936 அக்டோபர்ல அல்பசெதே ஊர்ல தளம் போட்ட படை. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வடகிழக்கு ஸ்பெயின்ல அரகோன் போர்முனையில வேற வெளிநாட்டுக்காரங்க நின்னுட்டிருந்தாங்க. இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு அனார்க்கிஸ்ட்டுங்க, அதாவது அரசே வேணாம்னு சொல்றவங்க.

குடியரசு அரசை எதிர்த்து ராணுவம் கலகம் பண்ணது ஜூலை 17, 18. பார்சிலோனா தெருவுல சண்டை 19-ல. 24-ம் தேதியே ஸ்பெயின் அனார்க்கிஸ்ட் தலைவர் துருத்தி (Durruti) தலைமையில ஒரு படை, கலகக்காரங்க கையில இருந்த அரகோன் நகரம் சரகோசாவைப் பிடிக்கக் கிளம்பிடுச்சு. வெளிநாட்டுலருந்து வர்றவங்க பிரான்ஸ்ல பெர்பிஞான் வரைக்கும் வந்து, எல்லை ஊர் போர்ட்போ வழியா உள்ள நுழைவாங்க. எல்லையில நின்னு சோதிச்சது போலீஸ் இல்ல, சிஎன்டிங்கிற அனார்க்கிஸ்ட் தொழிற்சங்கத்துக்காரங்க. உங்க ஊர் சங்கமோ தெரிஞ்ச தோழரோ உங்களுக்காக ஜாமீன் சொல்லணும். ஜெர்மன்காரங்க வந்தா, பார்சிலோனாவுல ஏற்கெனவே இருந்த ஜெர்மன் அனார்க்கோ-சிண்டிகலிஸ்ட் (தொழிற்சங்க அனார்க்கிஸ்ட்) குழு விசாரிக்கும். ஹிட்லரோட உளவாளி கலந்துடக்கூடாதுல்ல.

அமைப்பைப் பாருங்க. துருத்தி படையில 25 பேர் ஒரு குழு, நாலு குழு சேர்ந்தா 100 பேர், அதுக்குப் பேரு செந்தூரியா. குழுவுல இருக்கிறவங்களே ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பாங்க, வேணாம்னா மாத்துவாங்க. சல்யூட் கிடையாது, பதவிப் பட்டை கிடையாது. சம்பளம் எல்லாருக்கும் ஒரே மாதிரி, நாளுக்கு 10 பெசெத்தா. “அதனாலதான் தோத்தாங்க, ஒழுங்கே இல்ல”ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. எனக்கு அது பாதி உண்மைகூட இல்லன்னுதான் தோணுது. மொதல்ல அவங்க கையில என்ன இருந்துச்சுன்னு பார்க்கணும்.

ஸ்பெயின் ராணுவத்தோட துப்பாக்கி 7 மில்லிமீட்டர் மௌசர். அஞ்சு அஞ்சு தோட்டாவா கிளிப்புல கோத்து மேலருந்து அழுத்தி ஏத்தணும். இதுதான் ஓரளவு நல்ல சாமான். ஆனா குடியரசுப் பக்கம் கைக்குக் கிடைச்சதெல்லாம் வாங்கினாங்க. பிரெஞ்சு லெபெல்னா 8 மில்லிமீட்டர். ரஷ்ய மோசின்னா 7.62, தோட்டா அடியில விளிம்பு வேற வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். 11 மில்லிமீட்டர் கிராஸ் துப்பாக்கி போன நூற்றாண்டு சமாச்சாரம். ஒண்ணோட தோட்டா இன்னொண்ணுல போகாது. அப்ப என்ன ஆகும்? லாரியில பெட்டி பெட்டியா தோட்டா வரும், ஆனா உங்க செந்தூரியாவுல பாதி பேருக்கு அது உதவாது.

இன்னொரு சிக்கல், பார்சிலோனா இருக்கிற கட்டலோனியா துணி ஆலையும் மோட்டார் கம்பெனியும் நிறைஞ்ச இடம், தோட்டா செய்யற இடம் இல்ல. அந்த வேலை நடந்த முக்கிய இடங்கள்ல ஒண்ணான செவில்யா மொத வாரமே கலகக்காரங்க கையில போயிடுச்சு. அதனால சுட்டு முடிச்ச வெத்துக் குப்பிய யாரும் தூக்கிப் போடக்கூடாது. பொறுக்கிப் பையில போட்டு பின்னாடி அனுப்பணும், அங்க மறுபடி மருந்து அடைச்சு அனுப்புவாங்க. ஒருமுறை வெடிச்ச பித்தளை லேசா விரிஞ்சிருக்கும். அறைக்குள்ள போய் இறுகிக்கும், வெளிய எடுக்க வராது. சண்டை நடுவுல போல்ட்டைக் காலால உதைச்சுத் திறக்கிற நிலைமை. துப்பாக்கி துடைக்கிற எண்ணெயும் இல்ல, ஆலிவ் எண்ணெய்தான்.

அப்புறம் அவங்களே செஞ்ச கையெறி குண்டு. வழக்கமா நெம்புகோலைப் பிடிச்சு நிறுத்த இரும்பு ஊசி இருக்கும். இதுல ஊசிக்குப் பதிலா ஒரு நாடா. நாடா அறுந்துச்சுன்னா கையை விட்டுப் போயே ஆகணும், யோசிக்க நேரம் கிடையாது. இடுப்புல சொருகிட்டு ஓடும்போது நாடா எதுலயாவது மாட்டினா என்ன ஆகும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

லாரிமேல இரும்புத் தகடு அடிச்சு ‘கவச வண்டி’ன்னு ஒண்ணு பார்சிலோனாவுல செஞ்சாங்க. ‘திஸ்னாவோ’ன்னு பேரு. தகடு கனம் எஞ்சினுக்கு அதிகம். அரகோன்ல மொனெக்ரோஸ் வெயில்ல மேட்டுல ஏறும்போது கொதிச்சு நின்னுடும். ரோட்டை விட்டு இறங்கவும் முடியாது.

மொனெக்ரோஸ்னு சொன்னேன்ல, அது மரமில்லாத வறண்ட பூமி. பகல்ல புகை தெரிஞ்சா விமானம் வரும். அதனால சமையலுக்குத் தரையில குழி வெட்டி, அதுக்குள்ள அடுப்பை மூட்டி, சட்டியை இறக்கி வைப்பாங்க, விளிம்பு தரை மட்டத்துக்கு இருக்கும். ஆகஸ்ட்ல பீனா தே எப்ரோ பக்கத்துல அந்தச் சட்டியிலதான் துருத்தி படையில சேர்ந்திருந்த பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வேய் காலை வெச்சுட்டாங்க. உள்ள கொதிக்கிற எண்ணெய். அவங்களுக்குக் கிட்டப்பார்வை. அதோட அவங்க போர் முடிஞ்சுது. பின்னால 1938-ல ஒரு கடிதத்துல, ஃபலாங்கேங்கிற ஸ்பெயின் பாசிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தனை இந்தப் படை சுட்டுக் கொன்னதை அவங்களே எழுதுறாங்க. துருத்தி 24 மணி நேரம் கெடு கொடுத்தார், பக்கம் மாறச் சொல்லி. பையன் மாட்டேன்னான். இந்தப் படையைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுறவங்க இதையும் சேர்த்துப் படிக்கணும்.

இப்ப ரெண்டு சண்டையை ஒப்பிட்டுப் பாருங்க. ஆகஸ்ட் 28, அரகோன்ல வெஸ்கா ஊர் பக்கத்துல மோந்தே பெலாதோங்கிற மேடு. இத்தாலியர்கள் சுமார் 130 பேர். முசோலினியை எதிர்த்து நாட்டை விட்டு வந்த ரோஸெல்லி, அனார்க்கிஸ்ட் எழுத்தாளர் பெர்னேரி எல்லாம் அங்கதான். தங்களைவிடப் பல மடங்கு பெரிய படை தாக்க வந்துச்சு. அவங்க தளபதி ஆஞ்செலோனி செத்தார், ரோஸெல்லிக்குக் காயம். ஆனா மேடு கைவிட்டுப் போகல. மேட்டுல உட்கார்ந்து, எதிரி கிட்ட வந்தப்புறம் எண்ணி எண்ணிச் சுட்டா கொஞ்சம் தோட்டாவே போதும்.

அக்டோபர் 16, சரகோசா பக்கத்துல பெர்திகேரா. இங்க துருத்தி படையோட இன்டர்நேஷனல் குழு (பிரிகேட் இல்ல, அந்தப் படையில இருந்த வெளிநாட்டுக்காரங்க) தாக்கப் போகுது. தலைமை பெர்தோமியூ, பிரெஞ்சு ராணுவத்துல பீரங்கிப் படை கேப்டனா இருந்தவர். முன்னால போனவங்க தனியா மாட்டிக்கிட்டாங்க. பக்கத்துல துணைப்படை இல்ல, பின்னாலருந்து பீரங்கி இல்ல. பெர்தோமியூ அங்கயே செத்தார். ஜார்ஜெட் கொகோசின்ஸ்கி மாதிரி நர்ஸா போன பெண்களும் தப்பல. பீரங்கியைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச மனுஷன், பீரங்கி இல்லாமப் போய்ச் செத்தார். பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிற முறையால நடந்ததா இது? அதே முறையிலதான் மோந்தே பெலாதோவைக் காப்பாத்தினாங்க. அந்தச் சாமானை வெச்சு ஒரு இடத்தைக் காக்க முடியும், பிடிக்க முடியாது.

அதே மாசம்தான் ஸ்பெயினோட தங்கம் 510 டன் கார்தஹேனாவுல கப்பலேறி ரஷ்யா போச்சு. அதுக்கு வந்த ஆயுதத்துல பெரும்பகுதி மாட்ரிட்டுக்கு. மாட்ரிட் அப்ப விழற நிலைமை, அது நியாயம். ஆனா அப்புறமும் அரகோனுக்கு ஒழுங்கா வரல, அதுல கம்யூனிஸ்ட், அனார்க்கிஸ்ட்னு கட்சிக் கணக்கும் இருந்துச்சு.

அப்புறம் வந்தது ராணுவமயம், அதாவது இந்தத் தொண்டர் படைகளைக் குடியரசு அரசு வழக்கமான ராணுவமா மாத்துனது. பட்டை, சல்யூட், மேலருந்து உத்தரவு. ஏத்துக்கிட்டாதான் ஆயுதம். வெளிநாட்டுக்காரங்கள்ல பல பேர் துப்பாக்கியை ஒப்படைச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. மிச்சம் பேர் இருந்தாங்க, துருத்தி படை 26-வது டிவிஷன் ஆச்சு. துருத்தி அதுக்குள்ள செத்துட்டார், 1936 நவம்பர் 20, மாட்ரிட்ல. 1937 மே மாசம் பார்சிலோனாவுல குடியரசுப் பக்கத்துக்குள்ளயே, அனார்க்கிஸ்ட்டுங்களுக்கும் கம்யூனிஸ்ட்டுங்க, அரசுப் படைக்கும் தெருச்சண்டை. மே 5-ம் தேதி பெர்னேரியையும் அவரோட தோழர் பார்பியேரியையும் வீட்டுலருந்து கூட்டிட்டுப் போய்க் கொன்னாங்க. ஒரு மாசத்துல ரோஸெல்லியைப் பிரான்ஸ்ல பாசிஸ்ட்டுங்க கொன்னாங்க.

1939 பிப்ரவரியில 26-வது டிவிஷன் தோத்துப்போய் எல்லை தாண்டி பிரான்ஸ் போச்சு. துப்பாக்கியை வாங்கி வெச்சுக்கிட்டு, ஆளுங்களை லெ வெர்னே முகாம்ல அடைச்சாங்க. பிரெஞ்சுத் தொண்டர்களுக்கு வீடு இருந்துச்சு. ஜெர்மன்காரனும் இத்தாலிக்காரனும் எங்க போவான்? 1940-ல ஜெர்மனிகிட்ட பிரான்ஸ் விழுந்தப்போ அவங்கள்ல பல பேர் முகாம் முள்வேலிக்குள்ளதான் இருந்தாங்க. கேட்டு வாங்கிக்க ஹிட்லர் ஆளுங்களும் முசோலினி ஆளுங்களும் வந்தாங்க.