சைன் வேவ் ஏன் தலை தட்டிப்போய் வருகிறது?

சேலம் செவ்வாய்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் கொலுசுப் பட்டறையாம். "டிஎல்072 ஐசி வைத்து வீன் பிரிட்ஜ் ஆஸிலேட்டர் செய்தேன் அண்ணா. காலேஜ் ஸ்கோப்பில் பார்த்தால் அலையின் மேலும் கீழும் கத்தியால் நறுக்கியதுபோல் தட்டையாக இருக்கிறது. பிரீசெட்டைக் கொஞ்சம் திருப்பினால் அலையே நின்றுவிடுகிறது. ஐசி போய்விட்டதா?"

ஐசி நன்றாக இருக்கிறது தம்பி, மாற்ற வேண்டாம். வீன் பிரிட்ஜ் என்பது சைன் வேவ், அதாவது வழவழப்பாக ஏறி இறங்கும் அலை, உண்டாக்கும் சர்க்யூட். அதில் இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர் வழியாகச் சுற்றி வரும்போது அலை மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட கெயின், அதாவது ஐசி அலையைப் பெருக்கும் மடங்கு, சரியாக 3 வேண்டும். 2.9 என்றால் தேய்ந்து நின்றுவிடும். 3.1 என்றால் வளர்ந்துகொண்டே போய் சப்ளை வோல்டேஜில் முட்டித் தட்டையாகும். கெயினை மாற்றும் திருகு ரெசிஸ்டரான பிரீசெட்டை எவ்வளவு பொறுமையாகத் திருப்பினாலும் அந்த இடத்தில் நிற்காது. காலையில் நின்றாலும் நம் ஊர் மதிய வெயிலில் நகர்ந்துவிடும். கெயின் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும்.

1939-இல் வில்லியம் ஹியூலெட் இதற்கு ஒரு சின்ன பல்பைப் போட்டார். அலை பெரிதானால் பல்பின் இழை சூடேறும், அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், கெயின் குறையும். எனக்கு இன்றைக்கும் மனதுக்குப் பிடித்த யோசனை அது. ஹியூலெட் பேக்கர்ட் (எச்பி) கம்பெனியின் முதல் கருவியான 200ஏ இப்படித்தான் வந்தது.

உங்களுக்கு இரண்டு 1என்4148 டயோடு போதும். பிரீசெட்டைக் கழற்றிவிடுங்கள். ஐசியின் மைனஸ் இன்புட் பின்னிலிருந்து (சப்ளை மைனஸ் அல்ல) கிரவுண்டுக்கு 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர். அவுட்புட்டிலிருந்து மைனஸ் பின்னுக்கு 15 கே, அதோடு வரிசையில் இன்னொரு 10 கே. இந்த இரண்டாவது 10 கேவின் குறுக்கே இரண்டு டயோடுகளையும் இணையாக, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போடுங்கள். ஆரம்பத்தில் கெயின் 3.5, அதனால் அலை உடனே கிளம்பும். வளர வளர டயோடுகள் திறந்து கெயினை 3-க்கு இறக்கிவிடும். சுமார் 3 வோல்ட் உச்சத்தில் அலை நிற்கும்.

சப்ளைக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரியை வரிசையில் போட்டு நடுமுனையைக் கிரவுண்டாக்குங்கள். பிரிட்ஜில் 16 கேவும் 103 (0.01 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டரும் போட்டால் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸ் வரும். சாதா செராமிக் வேண்டாம், மைலார் வாங்குங்கள்.

அப்புறம், பட்டறையில் கையருகிலேயே வெங்காரம் இருக்கும். வெள்ளியைப் பற்றவைக்க அது சரி, போர்டில் சால்டர் செய்யும்போது வைக்காதீர்கள். இங்கே ரோசின் மட்டும்தான்.