யார் கூற்று, யாரிடம் கூற்று?

அனைவருக்கும் வணக்கம். பாத்திரம், மொழி, கதையமைப்பு இவற்றை ஆராய உதவும் கலைச்சொற்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் குறிப்பேடுகளில் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கும்: உவமை, உருவகம், படிமம், குறியீடு, முன்னுணர்த்தல், நோக்குநிலை, கதைப்பின்னல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். தேர்வில் ‘இங்கே உவமை வந்துள்ளது’ என்று எழுதினால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதில் எனக்கு வருத்தம் உண்டு. உவமை வந்திருக்கிறது, சரி. அதை யார் சொன்னார், யாரிடம் சொன்னார், வேறு எதையும் சொல்லாமல் ஏன் இதைச் சொன்னார் என்று கேட்கும்போதுதான் அந்தச் சொல்லுக்கு வேலை தொடங்குகிறது.

இப்படிக் கேட்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று ஓசையில் தொடங்கும் அந்த வரிசையில், நடுவே கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் எல்லாம் வருகின்றன. சொல்பவர் யார், கேட்பவர் யார், எந்த இடம், எந்த நேரம், எதற்காகச் சொல்கிறார், என்ன உணர்ச்சி, சொல்லாமல் விட்டது என்ன? இன்று வெளிவரும் ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றுகூட வீணாகாது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டைப் பார்ப்போம். கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

கூற்று தலைவியுடையது. கேட்பவள் தோழி. அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான், சொன்ன சொல்லை அவன் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்புறம் ஏதோ நினைவு வந்தவள் போல, ஒரு குருகு இருந்தது என்கிறாள். ‘யாரும் இல்லை’ என்று தொடங்கிய பாட்டு ‘குருகும் உண்டு’ என்று போய் முடிகிறது. ஐந்தடிக்குள் அவள் மனம் எப்படி அலைகிறது பாருங்கள். சாட்சி தேடித் தேடிக் கடைசியில் ஒரு பறவையைக் கண்டுபிடிக்கிறாள். அந்தப் பறவையும் அவர்களைப் பார்க்கவில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தனக்கு இரை எப்போது கிடைக்கும் என்று காத்திருந்த குருகு அது. அவனும் அப்படித்தான் காத்திருந்தானோ என்று நமக்குத் தோன்றுகிறது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்படி வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவதைப் பேசத்தான் உள்ளுறை, இறைச்சி, எச்சம் என்ற சொற்களெல்லாம் வேண்டியிருக்கின்றன.

அடுத்து உவமைக்கு வருவோம். குருகின் கால் தினைத்தாள் போல இருந்ததாம். தினைப்புனம் காக்கும் பெண்ணின் கண்ணுக்கு மெலிந்து பசுமையாக எது தெரிந்தாலும் தினைத்தாளாகத்தானே தெரியும்? தொல்காப்பிய உவமவியலில் ‘கிழவி சொல்லின் அவளறி கிளவி’ என்று ஒரு விதி இருக்கிறது. தலைவி பேசினால் உவமம் அவள் அறிந்த பொருளிலிருந்து வர வேண்டும். தோழி பேசினால் அவள் வாழும் நிலத்தைத் தாண்டக் கூடாது. ஆக, உவமையை வைத்தே பேசுகிறவரின் உலகம் எவ்வளவு பெரியது, எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம். மொழியைத் தனியாகவும் பாத்திரத்தைத் தனியாகவும் ஆராயும் வழக்கம் நம் பாடத்திட்டங்களில் இருக்கிறது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்தப் பிரிவினை நிற்காது.

இனிப் பாத்திரம். சிலப்பதிகாரத்துக் கண்ணகியை எடுத்துக்கொள்கிறேன். புகாரில் அடங்கியிருந்த பெண் மதுரையில் திடீரென்று பொங்கி எழுந்தாள் என்று மேடைகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். கண்ணகியின் கூற்றுகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படித்தால் அந்தத் ‘திடீர்’ காணாமல் போய்விடுகிறது.

காப்பியத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் காதை என்று பெயர். ஒன்பதாவது காதை கனாத்திறம் உரைத்த காதை. கணவனைப் பிரிந்திருக்கும் கண்ணகியிடம் அவள் தோழி தேவந்தி வருகிறாள். கண்ணகி தன் கனவைச் சொல்கிறாள். அவன் என் கைபிடித்து ஒரு பெரிய நகருக்குள் அழைத்துப் போனான். அந்த ஊரார் தேளைத் தூக்கிப் போட்டது போல என்மேல் ஒரு பழியைப் போட்டார்கள். கோவலனுக்குத் தீங்கு என்று கேட்டேன், அரசன் முன் நின்று வழக்குரைத்தேன், அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு வந்தது. இதைத்தான் முன்னுணர்த்தல் என்கிறோம். பின்னால் வருவதெல்லாம் இங்கேயே சொல்லப்பட்டுவிட்டது. அதன் பிறகும் நாம் படிப்பதை நிறுத்துவதில்லை. என்ன நடக்கும் என்ற ஆவல் போய், இவர்கள் எப்படி அங்கே போய்ச் சேரப்போகிறார்கள் என்ற பதைப்பு வந்துவிடுகிறது.

கனவைக் கேட்ட தேவந்தி ஒரு வழி சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவரோடு சேர்ந்து இன்புறலாம் என்கிறாள். கண்ணகியின் பதில் ‘பீடன்று’. அது எனக்குப் பெருமையல்ல என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். மெய்ப்பாடு எட்டில் இதை எங்கே வைப்பீர்கள்? அழுகையில் வைக்க முடியாது. நான் பெருமிதத்தில் வைப்பேன்.

பதினாறாவது காதையில், மதுரையில் அடைக்கலம் தந்த ஆயர்குலப் பெண் மாதரியின் வீட்டில் கோவலனுக்குச் சோறிட்ட பிறகு அவனிடமே சொல்கிறாள்: ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’. நீங்கள் செய்தது தகாத செயல் என்று கணவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். நீங்கள் பிரிந்ததால் விருந்தினரை எதிர்கொள்ளும் கடமைகளை எல்லாம் இழந்தேன் என்றும் சொல்கிறாள். இத்தனைக்கும் பிறகுதான் இருபதாவது காதையில் ‘தேரா மன்னா செப்புவ துடையேன்’ வருகிறது. இந்த மூன்று கூற்றுகளும் ஒரே குரலில் வருகின்றன. கேட்போர்தான் மாறுகிறார்கள்: முதலில் தோழி, பிறகு கணவன், பிறகு அரசன். கேட்பவரின் அதிகாரம் கூடக்கூட அவள் குரலும் உயர்கிறது.

ஈ. எம். ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1927இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். தட்டையான பாத்திரம், முழுமையான பாத்திரம் என்ற பிரிவு அவரிடமிருந்துதான் நம் வகுப்பறைக்கு வந்தது. முழுமையான பாத்திரம் நம்மை வியக்கவைக்க வேண்டும், அதே நேரத்தில் நம்பவும் வைக்க வேண்டும் என்பது அவர் வைத்த சோதனை. அரசவைக் கண்ணகி நம்மை வியக்கவைக்கிறாள். அந்தப் ‘பீடன்று’ நம்பவைக்கிறது.

அதே சொற்பொழிவுகளில் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் அவர் ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். இதை வாசித்தபோது எனக்கு மதுரைதான் கண்முன் வந்தது. பாண்டியன் அரியணையில் மயங்கி விழுந்து உயிர்விடுகிறான். கோப்பெருந்தேவி ‘கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்’ என்று அவன் காலடியில் விழுகிறாள்.

இளங்கோ அந்தக் காரணச் சங்கிலியை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார். கூத்துப் பெண்களின் ஆடலிலும் பாடலிலும் அரசன் மனம் போய்விட்டது என்று தேவிக்கு ஊடல். அதை மறைத்துத் தலைவலி என்று சொல்லி எழுந்துபோகிறாள். அரசன் சமாதானம் செய்ய அவள் அரண்மனையை நோக்கி விரைகிறான். அந்த வாசலில்தான் பொற்கொல்லன் காலில் விழுகிறான். தீர விசாரிக்க அரசனுக்குப் பொறுமை இல்லை. ‘கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று சொல்லிவிடுகிறான். ஒரு பெண்ணின் பொய்த் தலைவலியில் தொடங்கியது இன்னொரு பெண்ணின் கணவனைக் கொன்று, அரசனைக் கொன்று, கடைசியில் அந்த முதல் பெண்ணிடமே திரும்பி வருகிறது. ஊழ் என்று காப்பியம் பெயர் வைத்தாலும், ஒவ்வொரு கண்ணியிலும் மனிதர்களின் அவசரமும் மனத்தாங்கலும் இருக்கின்றன. கதைப்பின்னல் என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தேடியதால்தான் அந்தத் தலைவலி இவ்வளவு முக்கியமானது என்று எனக்குத் தெரிந்தது.

கதைசொல்லி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வேறு, கதைசொல்லி வேறு என்று படித்திருப்பீர்கள். சிலம்பில் 29 காதைகள் வரை கதைசொல்லி வெளியே நிற்கிறார். முப்பதாவதான வரந்தரு காதையில் ‘யானும் சென்றேன்’ என்று கதைக்குள் நடந்து வருகிறார். அங்கே கண்ணகித் தெய்வம் ஒரு பெண்ணின் மேல் வந்து அவரிடம் பேசுகிறது. அந்தப் பெண் யார் தெரியுமா? தேவந்தி. ஒன்பதாவது காதையில் கனவைக் கேட்டவள் இங்கே கண்ணகியின் வாயாகிவிடுகிறாள். கேட்போராக வந்தவளைக் கூற்றுக்கு உரியவளாக மாற்றியிருக்கிறார் இளங்கோ. எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிட நுட்பமான கதையமைப்பு அதிகம் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் பதினாறாவதான கொலைக்களக் காதையை மட்டும் படித்து வாருங்கள். மாதரி, கோவலன், கண்ணகி, பொற்கொல்லன், அரசன், காவலர்கள் என்று யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். உரையைப் பிறகு பார்க்கலாம். கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொலைக்கு உரியவன் அல்ல என்று சொல்கிறார்கள். அவர்கள் பேச்சிலிருந்து நாம் தொடங்குவோம்.