சிறுநீரகம் சுரக்கும் டோபமைன்

நேயர்களுக்கு வணக்கம். டோபமைன் என்றால் பலருக்கும் மூளைதான் நினைவுக்கு வரும். கைபேசி சிணுங்கினால் டோபமைன், ஆட்டத்தில் ஜெயித்தால் டோபமைன் என்று பேசிப் பேசியே அதை மகிழ்ச்சியின் மறுபெயராக்கிவிட்டோம். நான் சிறுநீரக மருத்துவன். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் உப்புதான் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு நாளில் நம் சிறுநீரகங்கள் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் இருக்கும் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரை கிலோ வரும். ஆமாம், கிலோதான்! நாம் சாப்பிடுவதோ சில கிராம். அதனால் வடிகட்டியதில் 99 சதவீதத்துக்கும் மேல் ரத்தத்துக்கே திரும்பியாக வேண்டும். மீதி எவ்வளவு வெளியே போகலாம் என்பதில்தான் இழுபறி. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் உப்பைப் பிடித்து வைக்கிற பக்கம். டோபமைன் எதிர்ப்பக்கம்.

இந்த டோபமைன் மூளையிலிருந்து வருவதில்லை. ரத்தத்திலிருந்து வடிந்து வரும் எல்-டோபா என்ற பொருளை எடுத்து, சிறுநீரக நுண்குழாயின் முதல் பகுதியில் உள்ள செல்களே அதைத் தயாரிக்கின்றன. சில நரம்பு முனைகளில் டோபமைன் அடுத்த கட்டமாக நார்அட்ரினலினாக மாறும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். அந்த மாற்றத்துக்கு வேண்டிய நொதி இந்தச் செல்களில் இல்லை. நல்லவேளை!

உப்பு கொஞ்சம் கூடினால் இங்கே டோபமைன் உற்பத்தியும் கூடுகிறது. அது செல்லின் மேல் சேதி வாங்குவதற்கென்றே இருக்கும் ஏற்பிகளில், டி1 என்ற வகையில் போய் ஒட்டி, சோடியத்தை உள்ளே இழுக்கும் பம்புகளை மட்டுப்படுத்துகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் வெளியேறும் சோடியத்தில் பாதிக்கு மேல் இதன் வேலைதான். அட்ரினலிலோ டி2 வகை ஏற்பிகள் வழியாக ஆல்டோஸ்டிரோனுக்குக் கடிவாளம் போடுகிறது. எப்படித் தெரியும்? வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு டோபமைனைத் தடுக்கும் மருந்து. அதை ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களில் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன் ஏறிவிடுகிறது.

சரி, அப்படியானால் சிலருக்கு மட்டும் உப்பு சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் ஏறுவது ஏன்? காரணம் ஒன்றல்ல, ஆனால் அதில் ஒன்று இங்கே இருக்கிறது. டோபமைன் சுரந்தாலும் அதன் சொல் செல்லுக்குள் எடுபடாமல் போகலாம். ஜி.ஆர்.கே.4 என்ற நொதியின் சில மரபணு வகைகள் டி1 ஏற்பியை மந்தமாக்கிவிடுகின்றன. மணி அடிக்கிறது, உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம் ஏன் டோபமைனையே மருந்தாக ஏற்றக்கூடாது என்று கேட்பீர்கள். ஏற்றினோமே! நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்த அளவு டோபமைன் டிரிப் சர்வசாதாரணம். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்று நம்பினோம். 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்கள் 328 நோயாளிகளிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். டோபமைன் ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் சிறுநீரக நிலையில் வித்தியாசமே இல்லை. செல் தனக்குத் தானே, இருந்த இடத்திலேயே செய்து கொள்கிற வேலையை, இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் சேர்த்து உசுப்பிவிடும் டிரிப்பால் செய்ய முடியவில்லை. அந்த முடிவு வந்த பிறகுதான் எங்கள் வார்டில் அந்த பாட்டில் மெல்ல மெல்லக் காணாமல் போனது.