பழைய வீட்டோட முகப்பு: பெயிண்ட் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி

[காட்சி: தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பழைய வீடு. கேமரா அசையவில்லை.]

தெருவைத் தாண்டிப் போய், அங்க நின்னு உங்க வீட்டைப் பாருங்க. ஒரு போட்டோ எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையா மாத்துங்க. நிறம் போன பிறகும் எது கண்ணை உறுத்துதோ, அதுலதான் முதல் கை வைக்கணும். பெரும்பாலான பழைய வீடுகள்ல மூணு விஷயம் தெரியும். சன்ஷேடுக்குக் கீழே கறுப்புத் தாரை. தரையை ஒட்டி உப்புப் பூத்த சுவர். முகப்பு முழுக்க குறுக்கும் நெடுக்குமா ஒயர்.

முதல் ரெண்டும் தண்ணி பண்ற வேலை. தண்ணி எந்த வழியா இறங்குதுன்னு பழைய சுவர் தானே எழுதி வெச்சிருக்கும். அந்த வழியை மாத்தாம மேல எவ்வளவு நல்ல பெயிண்ட் அடிச்சாலும், ரெண்டு மழைக்கு அப்புறம் அதே இடத்துல அதே கறை வந்து நிக்கும்.

[காட்சி: மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்தளம். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றப்படுகிறது.]

அதனால மேலேர்ந்து ஆரம்பிக்கலாம். மாடிக் கைப்பிடிச் சுவரோட தலைப்பகுதில தண்ணி ஊத்திப் பாருங்க. அது மாடிப் பக்கமா வழியணும். தெருப்பக்கம் வழிஞ்சா, மேல சேர்ற தூசி மொத்தமும் முகப்புல கோடு கோடா இறங்கும். தலைப்பகுதியை உள்பக்கம் சரியற மாதிரி பூசிட்டா பாதிக் கறை அதோட நின்னுடும்.

அடுத்தது சன்ஷேடு. அதோட அடிப்பக்கத்தைப் பாருங்க. ஓரத்துலேர்ந்து மூணு, நாலு செ.மீ. உள்ளே தள்ளி ஒரு சின்னக் காடி, அதாவது நீளமான பள்ளக்கோடு, இருக்கணும். ஓரமா வர்ற தண்ணி அந்தக் காடியைத் தாண்ட முடியாம அங்கேயே சொட்டிடும். காடி இல்லைன்னாலோ, பல தடவை பெயிண்ட் அடிச்சு அது மூடிப்போயிருந்தாலோ, தண்ணி அடிப்பக்கமாவே ஊர்ந்து சுவருக்கு வந்துடும். மூடியிருந்தா சுரண்டித் திறந்துவிடுங்க. இல்லவே இல்லைன்னா புதுசா வெட்டாதீங்க. பழைய சன்ஷேடுல கம்பிக்கு மேல கான்கிரீட் ரொம்ப மெல்லிசா இருக்கும். கட்டர் கம்பியைத் தொட்டா துருப்பிடிச்சு, கொஞ்ச நாள்ல துண்டு துண்டா விழும். அதுக்குப் பதிலா 20 மி.மீ. அலுமினியம் ஆங்கிளை (எல் வடிவப் பட்டை) வெளிப்புற சீலன்ட் (இடைவெளியை அடைக்கற ரப்பர் மாதிரிப் பசை) வெச்சு அடிப்பக்கம் ஒட்டுங்க. அதே வேலையைப் பார்க்கும்.

[காட்சி: சுவரின் அடிப்பகுதி. மண் தளமட்டம் வரை ஏறியிருக்கிறது.]

இப்போ கீழே. வருஷக்கணக்கா மண்ணும் பூச்செடித் தொட்டியும் சேர்ந்து, தரைமட்டம் சுவர்மேல ஏறியிருக்கும். வீட்டோட உள்தளத்தைவிட வெளி மண் குறைஞ்சது 15 செ.மீ. தாழ்ந்து இருக்கணும். ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. சரிவுல மண்ணு வீட்டைவிட்டு விலகிப் போகணும். சுவரை ஒட்டி 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி போட்டா, மழைத்துளி தெறிச்சு சேறு ஒட்டறது நல்லாக் குறையும். செடி வைக்கறதா இருந்தா அந்த ஜல்லிக்கு அப்பால வையுங்க.

உப்புப் பூத்த இடத்தைத் தண்ணி விட்டுக் கழுவாதீங்க. கழுவினா உப்பு கரைஞ்சு திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு, விழற பொடியை அள்ளி வெளியே போடுங்க. ஈரம் இன்னும் வருதான்னு பார்க்க, 45 செ.மீ. சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா ஈரம் சுவருக்குள்ளேர்ந்து வருது, பெயிண்ட் அடிக்கற நேரம் இன்னும் வரலை. இந்த நிலைமைல சிலர் டைல்ஸ் ஒட்டி மறைச்சுடறாங்க. பழைய வீட்டுக்கு அதைவிட மோசமான வைத்தியம் கிடையாது. வெளியேற வழியில்லாத ஈரம் மேல ஏறி, டைல்ஸ் முடியற கோட்டுக்கு மேல புதுசா பூக்கும்.

[காட்சி: ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல். பென்சில் குறி.]

விரிசல்ல எல்லாமே ஒண்ணு இல்லை. முடி மாதிரி மெல்லிசா, வலை போல ஓடுறது பூச்சு காயும்போது வந்தது, பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வாப் போறதும், ஒரு முனைல அகலமா இருக்கறதும், செங்கல் வரிசைப்படி படிக்கட்டு மாதிரி இறங்கறதும் வேற ரகம். விரிசலோட ரெண்டு முனையிலும் பென்சில் கோடு போட்டு, பக்கத்துல தேதியும் அகலமும் எழுதிவையுங்க. சில மாசத்துல கோட்டைத் தாண்டிப் போச்சுன்னா பெயிண்டரைக் கூப்பிடாதீங்க, கட்டட இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

வளராத விரிசலை ஆங்கில வி வடிவத்துல 5 மி.மீ. வரைக்கும் அகலப்படுத்தி, தூசியைத் தட்டி, வெளிப்புறத்துக்கான ஃபில்லரை ரெண்டு தடவையா அடைங்க. ஒரே தடவைல திணிச்சா சுருங்கி நடுவுல மறுபடி வெடிக்கும். தூணும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல நேர்கோடா வர்ற விரிசல் வெயிலுக்கும் குளிருக்கும் அசைஞ்சுகிட்டே இருக்கும். அங்க ஃபில்லர் நிக்காது, நீளக்கூடிய சீலன்ட்தான் வேணும்.

அப்புறம் ஒரு சுத்தியல் காம்பால சுவரைத் தட்டிக்கிட்டே போங்க. 'டொப்'னு பொள்ளல் சத்தம் வர்ற இடத்துல பூச்சு விட்டுப்போச்சு. அதை உறுதியான இடம் வரைக்கும் கொத்தி எடுக்கணும். ஒண்ணு கவனிங்க: ரொம்பப் பழைய வீட்டுல அது சுண்ணாம்புப் பூச்சா இருக்கலாம். சாவியால சுரண்டினா மாவா உதிரும். அங்க சிமென்ட் வெச்சு ஒட்டுப் போட்டா, கெட்டியான சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, சுத்தியிருக்கற பூச்சும் செங்கலும் அரிச்சுடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான், அதுக்கு மேல ஈரத்தை மூச்சுவிட விடற பெயிண்ட். சிமென்ட் சுவரா இருந்தா புதுப் பூச்சை 7 நாள் நனைச்சு, 28 நாள் கழிச்சு பெயிண்டுக்குப் போங்க.

[காட்சி: பாசி படிந்த சுவர். கையுறை அணிந்த கை.]

பாசிக்கு ஒரு பங்கு ப்ளீச் திரவம், மூணு பங்கு தண்ணி. பிரஷ்ஷால தடவி 15 நிமிஷம் விட்டுக் கழுவுங்க. ஆசிட்டோ வேற க்ளீனரோ இதோட சேரவே கூடாது, விஷ வாயு வரும். பழைய பூச்சை அதிவேக வாட்டர் ஜெட்டால அடிக்கற ஆசையை விட்டுடுங்க. விரிசல் வழியா தண்ணி உள்ளே ஏறிடும்.

காய்ஞ்ச சுவர்ல உள்ளங்கையைத் தேய்ங்க. வெள்ளையா மாவு ஒட்டினா, புதுப் பெயிண்ட் அந்த மாவைத்தான் பிடிச்சுக்கும், சுவரைப் பிடிக்காது. உரிஞ்சு வர்றது இதனாலதான். கழுவிக் காயவெச்சு, உள்ளே ஊறக்கூடிய பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி போடற அடிப்பூச்சு) அடிங்க. பழைய கிரில், கதவுல இருக்கற எண்ணெய்ப் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். அதை எப்பவும் ஈரமா வெச்சுத்தான் தேய்க்கணும், மாஸ்க் போட்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாம.

[காட்சி: திரையில் கணக்கு.]

எவ்வளவு பெயிண்ட் வேணும்? 8 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம்னா 48 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு 8 கழிச்சா 40. ரெண்டு கோட்டுக்கு 80. வழவழப்பான சுவர்ல ஒரு லிட்டர் 10 சதுர மீட்டர் வரைக்கும் ஓடும். சொரசொரப்பான பழைய சுவர் அவ்வளவு விடாது, ஆறரைன்னு வெச்சுக்குங்க. 12 லிட்டருக்கு மேல ஆகும், 13 வாங்குங்க. எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளில கலந்துட்டு ஆரம்பிங்க, நிறம் மாறாது. வெயில் படற சுவரை விட்டு நிழல் பக்கம் அடிங்க. நிறுத்தறதா இருந்தா மூலைல நிறுத்துங்க. நடுச்சுவர்ல நிறுத்தினா அந்த ஒட்டுக்கோடு காலத்துக்கும் தெரியும்.

நிறத்தை அட்டையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. 60 செ.மீ. சதுரத்துல ரெண்டு கோட் அடிச்சு, காலை, மதியம், சாயங்காலம் பாருங்க. மண்ணோட காவி, மஞ்சள் வகைகள் வெயில்ல நிலைச்சு நிக்கும். பளிச்சுன்னு இருக்கற சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும். கீழே அரை மீட்டருக்கு ஒரு அடர்த்தியான பட்டை விட்டா சேறு தெரியாது.

[காட்சி: கதவு கீல்களிலிருந்து கழற்றப்படுகிறது.]

மரக்கதவைக் கழட்டித்தான் வார்னிஷ் அடிக்கணும். மாட்டியிருக்கும்போது அடிச்சா அடி விளிம்பு விட்டுப்போகும், மரம் தண்ணி குடிக்கறதே அந்த வழியாத்தான். இரும்பு கேட்டுல துருவைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்ச அன்னைக்கே பிரைமர் போடணும், ராத்திரி பனில விட்டா மறுபடி துரு. ஒயர்ல உயிர் இல்லாததை எல்லாம் எடுத்துடுங்க. மீதியை ஒரே மூலை வழியா இறக்குங்க. சுவருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒயர் கீழே ஒரு வளைவு வளைஞ்சு ஏறினா, தண்ணி அந்த வளைவுல சொட்டிடும்.

வாசல் விளக்கோட ஒளி நிறம் 2700 முதல் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம். மழை நேரா படற இடத்துக்கு ஐபி 65 குறியீடு உள்ள, தூசியும் தண்ணியும் உள்ளே போகாத விளக்கு. சுவருக்குக் கீழேர்ந்து மேல அடிக்கற விளக்கு புது வீட்டுக்கு அழகா இருக்கலாம், பழைய சுவர்ல பூச்சுக் கரண்டியோட தடத்தை ஒண்ணுவிடாமக் காட்டிக்கொடுக்கும்.

[காட்சி: மழை. குடையுடன் ஒருவர் சன்ஷேடின் அடியைப் பார்க்கிறார்.]

வேலை முடிஞ்சு முதல் பெரிய மழை வரும்போது குடையை எடுத்துக்கிட்டு வெளியே போங்க. ஒவ்வொரு சன்ஷேடும் ஓரத்துல சொட்டுதா, இல்லை எங்கேயாவது இன்னும் சுவருக்கு ஊர்ந்து வருதான்னு பாருங்க. ஊர்ற இடத்தை போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு, வெயில் வந்ததும் சீலன்ட்டோட போய் நில்லுங்க.