அழவைத்தால் போதுமா?

வணக்கம் நேயர்களே.

துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் கிளறி, பார்ப்பவரின் மனத்தைத் தெளியவைக்க வேண்டும் என்கிறது அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்'. ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் மோதியது இந்த இடத்தில்தான். அழுது முடித்தவன் பாரம் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவான். அவனை அழவைத்த போர் அப்படியே இருக்கும் என்பது அவர் கவலை.

ஆகவே 'அடுத்து என்ன' என்ற பதைப்பை முதலில் எடுத்தார். காட்சி தொடங்குமுன்பே நடக்கப்போவதை எழுத்தில் காட்டிவிடுவார். விளக்குகளை மறைக்கமாட்டார். ஒத்திகையில் நடிகருக்கு மூன்று பயிற்சிகள்: வசனத்தைப் படர்க்கையில் சொல்வது, இறந்தகாலத்தில் சொல்வது, நடிப்புக் குறிப்பையும் சேர்த்து உரக்கப் படிப்பது. 'எழுந்து நின்றாள், கோபமாகச் சொன்னாள்' என்று வாய்விட்டுச் சொல்லும்போது பாத்திரத்துக்கும் நடிகருக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். இதை 'உணர்ச்சியே கூடாது' என்று எடுத்துக்கொண்டு மரக்கட்டைபோல் ஒப்பித்தால் நாடகம் செத்துவிடும். உணர்ச்சி இருக்கட்டும், ஆனால் அது ஏன் வந்தது என்று பார்ப்பவர் கேட்க இடம் வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவருக்கே ஓரிடத்தில் சறுக்கியது. 1941-இல் சூரிக்கில் அவருடைய 'மதர் கரேஜ்' நாடகம் அரங்கேறியது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் வண்டியை இழுத்துக்கொண்டு படைக்குப் பின்னால் வியாபாரம் செய்து போகிறவள், மூன்று பிள்ளைகளையும் பறிகொடுக்கிறாள். பத்திரிகைகள் அவளை நையோபி என்றன. கிரேக்கப் புராணத்தில் பிள்ளைகளை இழந்து, கல்லான பிறகும் கண்ணீர் வடிக்கும் தாய் அவள். எந்த மரபைவிட்டு பிரெக்ட் விலகினாரோ, அதன் வாசலிலேயே அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

பிரதியைத் திருத்தினார். முதல் வடிவின் ஐந்தாம் காட்சியில், காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட அவளே சட்டைகளைத் தருவாள். 1949-இல் பெர்லின் மேடையில் தரமாட்டாள். அவளிடமிருந்து பிடுங்கித்தான் கிழிக்கிறார்கள். முதல் காட்சியில் மூத்த மகனைப் படைக்கு ஆள்பிடிப்பவன் அழைத்துப்போகும் நேரத்தில், அவள் ஒரு பெல்ட் கொக்கிக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறாள்.

பெர்லினிலும் அழுதவர்கள் இருந்தார்கள். ஆனால் கடைசிக் காட்சியில், தாயாக நடித்த ஹெலனே வைகல் செய்ததைக் கவனியுங்கள். செத்த மகளைப் புதைக்கக் குடியானவர்களுக்குக் காசு எடுக்கிறாள். எடுத்ததில் ஒன்றை மட்டும் திரும்பத் தோல்பைக்குள் போட்டுக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறாள். பிறகு தனியாளாக வண்டியை இழுக்கத் தொடங்குகிறாள்.