கண் தெரியாதவருக்குக் காது கேட்கும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தம்பி அவர்களே, அறுப்பின் பண்டிகைக்கு வந்து, அசனமும் சாப்பிட்டுவிட்டு இன்னும் கண்ணயராமல் உட்கார்ந்திருக்கும் சபையாரே, உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

கஷ்டகாலத்தில் விசுவாசத்தை அதிகம் அசைப்பது வந்த துன்பமா, மனிதர் நாவா? இதுதான் தலைப்பு. நாவுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

தம்பி வேதாகமத்துத் தீர்க்கதரிசி எலியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்டாரே, துன்பம்தானே காரணம் என்றார். தம்பி, இரண்டு அதிகாரம் பின்னால் போய்ப் பாருங்கள். நாட்டில் மழையில்லை. காகம் கொண்டுவந்ததைச் சாப்பிட்டுக் கேரீத் ஆற்றண்டையில் கிடக்கிறார். அந்த ஆறும் வற்றுகிறது. அப்போது அவர் சாகக் கேட்கவில்லையே! எழுந்து சாறிபாத்துக்கு நடந்தார். ராணி யேசபேல் ஆள் அனுப்பி, நாளைக்குள் உன் கதையை முடிக்கிறேன் என்ற பிறகுதான் சூரைச்செடி. அது புறங்கூறல் இல்லை, மிரட்டல், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வந்தது வாயிலிருந்துதானே?

சரி, வேதத்தில் உத்தமர் என்று பேர் வாங்கிய யோபுவுக்கு வருகிறேன். 7000 ஆடு, 3000 ஒட்டகம், 500 ஏர்மாடு, 500 கழுதை எல்லாம் போச்சு. பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போனார்கள். அவர் சொன்னது ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’. மூன்றாம் அதிகாரத்தில் சபித்தாரே என்று தம்பி எழுந்திருப்பார். சபித்தது தான் பிறந்த நாளை, தேவனை அல்ல.

மூன்று சிநேகிதர் வந்தார்கள். ஏழு பகல், ஏழு இரவு வாயே திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதோடு எழுந்து ஊருக்குப் போயிருந்தால் அவர்களைப் பற்றி இன்றைக்குப் பிரசங்கத்தில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்போம். வாயைத் திறந்தார்கள். ‘குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?’ என்று எலிப்பாஸ் தொடங்கினார். பில்தாத் செத்துப்போன பிள்ளைகளையே இழுத்தார். போகப் போக, 22ஆம் அதிகாரத்தில், நீர் ஏழையின் துணியைப் பறித்தீர், விதவையை வெறுங்கையாய் அனுப்பினீர் என்று எலிப்பாஸ் அடுக்குகிறார். யார் பார்த்தது? ஒருவரும் பார்க்கவில்லை. இவ்வளவு கஷ்டம் வந்திருக்கிறதே, ஏதாவது செய்திருப்பார் என்ற ஊகம்தான். ஒட்டகம் போனதற்கு அழாத மனிதர், ‘வார்த்தைகளினால் என்னை நொறுக்குவீர்கள்’ என்று இவர்களிடம் அழுதார்.

துன்பம் ஆட்டைக் கொண்டுபோகும், மாட்டைக் கொண்டுபோகும். ‘உன் பாவத்துக்குத்தான் இது’ என்கிற நாவோ, நாம் அழுவதற்கு வைத்திருந்த ஒரே மடியையும் பிடுங்கிவிடும். தேவனே எதிராளி என்றால் யாரிடம் போய் ஜெபிப்பது?

என் வீட்டுக் கதை ஒன்று. சில வருஷம் முன்னால் என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. அவர் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். வளையலை அடகு வைத்துப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினேன். அந்த நாட்களில் ஜெபம் நன்றாகத்தான் வந்தது. கையில் காசில்லாதபோது முழங்கால் தானாக மடங்கும். ஒரு சபைச் சகோதரியிடம் மட்டும், எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி, ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். அடுத்த ஞாயிறு, செருப்பு மாட்டும் இடத்தில் இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆபீஸ்ல கையாடலாமே... ஜெபிச்சிக்கிட்டிருக்கோம்” என்றார். கறுப்பாக வாந்தி எடுத்தது காக்காவாகப் பறந்த கதை கேட்டிருப்பீர்கள். எங்கள் காக்கா ஜெபக்குறிப்பு வழியாகவே பறந்தது! அன்று ராத்திரி முழங்கால் போட்டேன், ஜெபம் வரவில்லை. யார் யார் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் காதில் ஓடியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து ஓடினோம்.

அப்புறம் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் வந்தார். முறத்தை இழுத்துப் போட்டு, என்னோடு சின்ன வெங்காயம் உரித்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. போகும்போது, “ராத்திரிக்குச் சோறு இருக்குல்லா?” என்றார். அன்றைக்கு எனக்கு மறுபடி ஜெபம் வந்தது.

யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் ஒரு பிறவிக் குருடரைப் பார்த்து, இது யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா என்று ஆண்டவரிடம் கேட்கிறார்கள். அந்த ஆள் அங்கேயே இருக்கிறார் ஐயா! அவருக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். எத்தனை வருஷமாக அதைக் கேட்டிருப்பார்! இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் முதலில் அந்தப் பேச்சை முடித்தார். சேறு உண்டாக்கிக் கண்ணில் பூசியது அதற்கு அப்புறம்தான்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிஷம். தீர்ப்புச் சொல்லி இறங்கியதும் யாராவது உங்கள் காதோரம் வந்து, “அந்தம்மா வீட்டுக்காரருக்கு என்னதான் ஆச்சு?” என்று கேட்பார்கள். என்னை ஒன்றும் கேட்கவேண்டாம். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டு, இப்போது தலையைக் குனிந்திருக்கிறாரே, அவர்தான். நேராக அங்கேயே அனுப்பிவிடுங்கள்.